கொறைஞ்சா நல்லதுதானே

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கு என் மாமியார் செய்த முதல் காரியம், அடுப்படியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து பீரோ மேல் வைத்ததுதான். இரண்டாவது காரியம், தெருவில் நாலு பேரிடம் அதைச் சொன்னது. டப்பா பீரோ மேல் போனதால் நான் சாகப் பார்த்தேன். அவர் வாய் சும்மா இல்லாததால் என் பிள்ளை என் கைக்கு வராமல் போகப் பார்த்தது. இரண்டையும் எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மகள் தூங்குகிறாள். அவள் எழுந்திருக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம், அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

என் பெயர் அமுதா. மரக்காணம் உப்பளத்தில் டிகிரி பார்க்கிற வேலை. உப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் சுண்டிக்கொண்டே வரும். ஒரு கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டால் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று காட்டும், அதைத்தான் டிகிரி என்கிறோம். டிகிரி குறைவாக இருந்தால் உப்பு பிடிக்காது. அளவுக்கு மேல் ஏறினால் உப்பு கசக்கும், அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். என் பொறுப்பில் இருபத்திரண்டு பாத்தி. காலையில் பார்த்த டிகிரியைச் சாயங்காலம் கேட்டாலும் நோட்டு இல்லாமல் சொல்லுவேன். "அமுதா வாயால சொன்னா எழுதி வெச்ச மாதிரி" என்பார் மேஸ்திரி. எனக்கு அதில் கர்வம்தான். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனவளுக்குக் கர்வப்பட வேறு என்ன இருக்கிறது?

கர்ப்பத்தின் ஆறாவது மாதத்தில் அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது. அடுப்பில் பால் வைத்ததை மறப்பது எல்லாருக்கும் உண்டு. எனக்கு "கரண்டி" என்ற சொல்லே வரவில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே "அது, அந்தக் கிளறுறது" என்று மாமியாரிடம் கேட்டேன். பாதித் தெரு நடந்துவிட்டு எதற்கு வந்தேன் என்று நிற்பேன். மசக்கை மயக்கம் என்றார்கள். ஆறாவது மாதத்தில் என்ன மசக்கை?

பிறகு ஒன்பதாம் பாத்தி. உப்பு பிடித்து, மறுநாள் வாரவேண்டிய பதத்தில் இருந்தது. நான் அதை வேறு பாத்தி என்று நினைத்து டிகிரியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். என் வார்த்தையை நம்பி அதில் டிகிரி குறைந்த இளம் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். விளைந்த உப்பு எல்லார் கண் முன்னாலும் கரைந்தது.

"ஏம்மா அமுதா, தூங்கினே சொல்றியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

என் வீட்டுக்காரர் ஏழுமலையும் அங்கேதான் உப்பு வாருகிறார். என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் இருந்த உப்பு வாருகிற பலகையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி கத்தியதைவிட அந்தத் தலைகுனிவுதான் எனக்கு எரிந்தது.

அந்த வாரம்தான் செக்கப். தொண்டை வரைக்கும் தித்திக்கிற குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, பிறகு ரத்தம் எடுக்கிறார்கள். நடுவில் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வந்து முதலில் இருந்து குடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கர்ப்பிணிகள் ஒரே பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபேன் இருந்தது, சுற்றவில்லை. ரிசல்ட்டைப் பார்த்த நர்ஸ் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.

"உனக்கு சக்கரை இருக்குதும்மா."

"எனக்கா? எங்க வீட்ல யாருக்குமே இல்லியே."

"வயித்துல புள்ள இருக்கச்சொல்ல வர்ற சக்கரை. அடுத்த ஆள வரச்சொல்லு."

அவ்வளவுதான் விளக்கம். மற்றதெல்லாம் நானே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பிள்ளையோடு வளர்கிற நஞ்சுக்கொடி சில சுரப்புகளைச் சுரக்கும். அவை நம் உடம்பின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இன்சுலின் வேலை செய்யாவிட்டால் சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரை உடம்புக்குள் போகாமல் ரத்தத்திலேயே தேங்கும். பிள்ளை பெற்றதும் பெரும்பாலும் போய்விடும். இதைச் சொல்ல அந்த நர்ஸுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் சர்க்கரை இறங்கவில்லை. பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பேர் எழுத மாட்டேன், நாளைக்கு அங்கேயே போக வேண்டி வரும். அங்கே இன்சுலின் ஊசி எழுதினார்கள். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், வயிறு காயக் கூடாது, சர்க்கரை ரொம்பக் குறைந்தால் மயக்கம் வரும், உடனே இனிப்பு எதையாவது வாயில் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு வேகவேகமாகச் சொன்னது. கையில் கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ். வெளியே நின்ற மாமியார் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்: "சக்கரைய கொறைக்கணும்."

அதைப் பிடித்துக்கொண்டார். இட்லி மூன்று ஒன்றாயிற்று. சோறு போய்விட்டது. காலையில் அரைக் கிண்ணம் கேழ்வரகுக் கூழ். இன்னும் கொஞ்சம் கேட்டால், "டாக்டரே கொறைக்கச் சொல்லிட்டாரு, உனக்கு நாக்கு கேக்குதா?" என்பார். சொந்த வீட்டில் முறுக்கு டப்பாவைத் திறக்கும்போது சத்தம் வராமல் திறக்கப் பழகினேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்தக் கதி.

ஒரு நாள் காலை ஊசி போட்டுக்கொண்டு அந்த அரைக் கிண்ணத்தைக் குடித்தேன். பதினோரு மணி வாக்கில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கை உதற ஆரம்பித்தது. நெற்றியில், கழுத்தில், முதுகில் வியர்வை, ஆனால் குளிர்ந்த வியர்வை. நாக்கு தடித்தது. இதுதான் அது என்று தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, சக்கரை கொறையுது. டப்பாவ எடுங்க."

"கொறையுதா?" என்று அவர் முகம் மலர்ந்தது. "கொறைஞ்சா நல்லதுதானே! மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. போ, போய்ப் படு."

சத்தியமாக அவர் சந்தோஷப்பட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெட்ட எண்ணம் என்றாலாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

பீரோ மேலே கை எட்டவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. வெள்ளையாக எதையோ பார்த்தேன். அள்ளி வாயில் போட்டேன். கரித்தது. இன்னொரு கை அள்ளினேன். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தபோது அவரைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டேனாம். அள்ளியது உப்பு ஜாடியில் இருந்து. டிகிரி பார்க்கிற அமுதா, சர்க்கரை என்று நினைத்து உப்பைத் தின்றாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டு மரக்காணத்தில் காட்டினார்கள். விரலில் குத்திப் பார்த்தால் நாற்பத்து நாலு. அறுபதுக்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி உள்ளே இருக்கும்போதே கண் திறந்து, "மாமா, ஒன்பதாம் பாத்தி" என்றேனாம். ஏழுமலை அப்போது அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பார்க்கும்போது அழவில்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அன்றைக்கே பாண்டிக்கு அனுப்பினார்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வரும்வரை வார்டில் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு ஏழு தடவை விரலில் குத்துவார்கள். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் எல்லா விரலும் வலித்தது. அதெல்லாம் பரவாயில்லை. என் கதை எனக்கு முன்னால் வார்டுக்கு வந்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை. "உப்பு தின்ன பொண்ணு இதுதான்" என்று பக்கத்து கட்டில்காரியின் தங்கை, நான் கேட்கும்படியாகவே சொன்னாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்ட பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் அவர்தான்.

"மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சிக்கோங்க. கொஞ்ச நேரம் கழிச்சிக் கேப்பேன். வாழைப்பழம், சாவி, குடை."

"எதுக்கு?"

"சும்மா ஒரு டெஸ்ட்டுங்க. இப்ப நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சிச் சொல்லுங்க."

தொண்ணூற்று மூன்று சொன்னேன். எண்பத்தாறு சொன்னேன். அதற்குமேல் சுவர் மாதிரி நின்றது. இருபத்திரண்டு பாத்தியின் டிகிரியைத் தலையில் வைத்திருந்தவள் நான். எண்பத்தாறில் நின்றேன்.

"சரி, அந்த மூணு வார்த்தை?"

"வாழைப்பழம். சாவி." மூன்றாவது வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "நான் பைத்தியம்னு எழுதப் போறீங்களா? எழுதிக்கோங்க. என் மாமியார் ஏற்கெனவே ஊர்ல எழுதியாச்சு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பைத்தியம் இல்லைங்க. மூளைக்குச் சாப்பாடே சக்கரைதான். அது திடீர்னு கொறைஞ்சா மூளை தடுமாறும், ஆள் தெரியாது. ரொம்ப ஏறி எறங்கினே இருந்தாலும் கவனம் நிக்காது, வார்த்தை சிக்காது. இதோட தூக்கம் இல்ல, பயம் வேற. எது எவ்ளோன்னு பிரிச்சிச் சொல்ல எனக்கே தெரியாது. வயித்துப் புள்ளைக்காரங்களுக்குச் சக்கரை இல்லாமலும் மறதி வரும். ஆனா நீங்க சொன்னத வீட்ல கேட்டிருந்தா அன்னைக்கு இவ்ளோ தூரம் வந்திருக்காது. கொழந்தை பொறந்து ஆறு வாரம் கழிச்சி மறுபடி கேக்குறேன்" என்றார்.

நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால். அந்த ஒரு வரிக்காக அவரை நான் மன்னித்தேன், ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதையும் சேர்த்து.

ஆனால் அன்று மதியமே, வார்டு வாசலில் மாமியார் தலைமை நர்ஸிடம் பேசியது என் காதில் விழுந்தது. மெதுவாகப் பேச அவருக்கு வராது.

"புத்தி தடுமாறினவ கையில புள்ளைய குடுக்காதீங்க சிஸ்டர். பொறந்ததும் எங்கையில குடுத்துடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த நர்ஸ் தலையாட்டினாள். "அதெப்படிம்மா" என்றாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தலையாட்டினாள். நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில் ஏழுமலை வந்தபோது கேட்டேன்.

"உங்கம்மா என்ன சொல்லினு இருக்குதுன்னு தெரியுமா?"

"அது பயத்துல பேசுது, விடு அமுதா."

"நானுந்தான் பயந்துனு கெடக்குறேன். என் பயத்த எவன் வந்து கேட்டான்?"

மறுநாள் அவர் வந்தபோது பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தை என் முந்தானையில் முடிந்துவிட்டார். சர்க்கரை. "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். பொட்டலம் கொடுத்ததற்காகக் கையைப் பிடித்துக்கொள்வதா, அம்மாவுக்கு பயந்ததற்காக முகத்தில் வீசுவதா என்று தெரியவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் புதுப் பொட்டலம் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். ஊசிக்கும் இல்லை, ஆபரேஷன் கத்திக்கும் இல்லை. பிள்ளை பிறந்ததும் என்னிடம் தருவார்களா?

முப்பத்தெட்டு வாரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். விடிகாலையில் பெண் பிறந்தாள், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. "கொழுக்கு மொழுக்குன்னு இருக்குது" என்று மாமியார் பூரித்தார். சர்க்கரைக்காரிக்குப் பிள்ளை அப்படித்தான் பிறக்கும், அதில் பூரிக்க ஒன்றும் இல்லை. அம்மாவின் ரத்தத்தில் தேங்கிய சர்க்கரை உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளை தன் இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். தொப்புள்கொடியை அறுத்ததும் அம்மாவின் சர்க்கரை நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் பிறந்த முதல் நாள் பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும், குதிகாலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி டாக்டர் எனக்கு இதை முன்னாடியே சொல்லியிருந்தார்.

காலையில் மூன்று தடவை குத்திப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. முதல் பால் நான் கொடுத்தேன், நர்ஸ் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு வலி மருந்தில் கண் செருகிவிட்டது. விழித்தபோது சாயங்காலம் மணி நாலு. பிள்ளை மாமியார் மடியில் இருந்தது.

"இங்க குடுங்க, பால் குடுக்கணும்."

"தூங்குது, இரு."

"மணி நாலு ஆச்சு அத்தை. குடுங்க."

"சக்கரைப் பால குடுத்து அதுக்கும் சக்கரை வரவா? வெந்நீர் ஊத்தியிருக்கேன். நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார். கூசாமல் சொன்னார்.

நான் கையை ஊன்றி எழுந்தேன். தையல் பிய்ந்துவிடும்போல இழுத்தது. துணிக்கு வெளியே இருந்த பிள்ளையின் கையைப் பார்த்தேன். உதறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையைப் பிடித்தேன், ஈரம். பிடித்த பிறகும் உதறல் நிற்கவில்லை. உதட்டைத் தொட்டேன், சப்ப வரவில்லை. அந்த உதறல் எனக்குத் தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு என் கையில் இருந்தது அதேதான்.

"சிஸ்டர்! புள்ளைக்கு சக்கரை கொறையுது! சிஸ்டர்!"

டியூட்டி மாறிப் புதிதாக வந்த நர்ஸ் அட்டையைப் புரட்டினாள். "காலைல மூணு தடவையும் நார்மல்மா. புள்ளைங்க அப்டித்தான் உதறும். இப்பதான் பால் குடிச்சிதுன்னு உங்க மாமியார் சொன்னாங்களே."

"அவளுக்கு அப்பப்ப இப்டித்தான் சிஸ்டர், பதறும்" என்றார் மாமியார்.

எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன். "காலைலேர்ந்து நான் மயக்கத்துல கெடக்குறேன். மாரு என்கிட்ட இருக்குது. நான் குடுக்காம யாரு பால் குடுத்தா? அத மட்டும் சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மெஷினை எடுத்து வந்து குதிகாலில் குத்தினாள். இருபத்தெட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பிரசவ வார்டில் ஆம்பளைகளை உள்ளே விடாததால் ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். "வழி விடுங்க, புள்ளைக்கு சக்கரை ரொம்ப கொறைஞ்சிடுச்சி!" என்று நர்ஸ் கத்தினது கட்டில் வரைக்கும் கேட்டது. பின்னாலேயே போன மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"கொறைஞ்சிடுச்சா! அப்பாடா, அம்மாவுக்கு இருக்குற மாதிரி புள்ளைக்கு இல்ல!"

"யம்மா, வாய மூடு!" ஏழுமலை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "டிகிரி எறங்கிப்போச்சுன்னு சொல்றாங்க! கொறைஞ்சா உப்பே பிடிக்காது, புரியுதா உனக்கு? புள்ள தங்காதும்மா!"

என் மாமியார் முப்பது வருஷம் உப்பளத்தில் சுமை தூக்கினவர். டிகிரி ஏறினாலும் கெடுதி, இறங்கினாலும் கெடுதி என்று அவருக்குத் தெரியாதா? கூப்பின கை அப்படியே இறங்கியது. சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், இல்லை. என் மேலேயேதான் ஆத்திரம் வந்தது. டிகிரி பார்ப்பது என் பிழைப்பு. பீரோ முன்னால் நின்ற அன்றைக்கே அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏறியது. கையில் ஊசி குத்த இடம் இல்லாமல் தலையில் குத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, தலையாட்டின அதே தலைமை நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் எழுந்து கையை நீட்டினார். நர்ஸ் அவரைத் தாண்டி வந்து என் மடியில் வைத்தாள்.

"நீ சொல்லலன்னா போயிருக்கும்மா. குடு, பசிக்குது அதுக்கு."

கொடுத்தேன். பிள்ளை வெடுக்கென்று பிடித்து இழுத்துக் குடித்த வலியில் எனக்குக் கண்ணீர் வந்தது. வலியில்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். எனக்குச் சர்க்கரை போயிருந்தது. இனி வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னாளில் வரக்கூடியவள் நான். கண்ணாடி டாக்டர் சொன்னபடி மறுபடி கேட்டார். நூறில் இருந்து ஏழு ஏழாக இரண்டு வரைக்கும் போனேன். இப்போது உப்பளத்துக்கும் போகிறேன். நோட்டும் வைத்துக்கொள்கிறேன், மேஸ்திரி என்ன நினைத்தாலும் சரி.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதம், சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம். என் மாமியார் யாரும் கூப்பிடாமலேயே அங்கே போய், நடுவீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மாமியாருக்குப் பாடம் நடத்தினார். "கொறைஞ்சா சந்தோசப்படாதடி. டிகிரி மாதிரின்னு வெச்சிக்கோ. ஊசி போட்டா வயிறு காயவிடாத. சக்கரை டப்பாவ கீழ வை. அவ கொறையுதுன்னு சொன்னா, ஏன்னு கேக்காத, வாயில போடு." எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி. என் பேரை ஒரு தடவை எடுக்கவில்லை. என்னிடம் இன்றைக்கு வரைக்கும் "தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு சர்க்கரை டப்பா அடுப்பு பக்கத்தில், உப்பு ஜாடிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. வைத்தது அவர்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னை மறதிக்காரி என்று ஊரெல்லாம் சொன்னார்கள் அல்லவா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாழைப்பழம், சாவி, குடை. புத்தி தடுமாறினவ கையில புள்ளைய குடுக்காதீங்க.

மகள் எழுந்துவிட்டாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.